கப்பலில் விழுந்த நாடா

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, இலையில் உட்காரும் முன் இந்த மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவுகளுக்கும், தபாலில் வாங்கிப் பிரிக்கும் தூரத்து நண்பர்களுக்கும் அண்ணனின் ஒரே தங்கை எழுதுவது. எனக்கு எழுதி வராது. தறியில் உட்காரச் சொன்னால் பொழுதுக்கும் உட்காருவேன். பேனாவைப் பிடித்தால் கால் தரையில் பாவ மாட்டேன் என்கிறது. இந்த நாலு வரி எழுதுவதற்குள் எழுந்து போய் இரண்டு தரம் தண்ணீர் குடித்தாயிற்று.

மலர் வேலையைப் பார்ப்பது அண்ணன் மகன். "அத்தை, ரெண்டு பக்கம் போதும். பொறந்தது, படிச்சது, நேவி, ரிட்டயர்டு, நல்ல மனசு. முடிச்சுடுங்க" என்றான். அப்படி முடிக்கிற ஆளா நான்? இந்த மலரில் அண்ணன் செய்த ஒரு தவறை எழுதியாக வேண்டும். அந்தத் தவறுக்கு வேறொருவர் தண்டனை வாங்கிக்கொண்டார். அதைச் சொன்னதும் பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்பாவோட மலர்ல அப்பா தப்பை யாராவது எழுதுவாங்களா? ஊர் சிரிக்காதா?" என்று சண்டைக்கு வந்தான். இரண்டு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களே சொல்லுங்கள்.

அண்ணன் பிறந்தது பெரிய காஞ்சிபுரத்தில், நான் இன்றைக்கும் தறி போடுகிற இதே வீட்டில். அப்போது எங்களுக்கு மூன்று குழித்தறி. அப்பாவும் அம்மாவும் ஒன்றில், சித்தப்பா ஒன்றில். மூன்றாவது அண்ணனுக்கு என்று அப்பா வைத்திருந்தார். அண்ணனோ பத்து நிமிஷம் குழியில் கால் விட்டு உட்கார்ந்தால் பதினோராவது நிமிஷம் தெருமுனையில் நிற்பார். "இவன் கால்ல சக்கரம் கட்டி அனுப்பிட்டாருடா ஏகாம்பரநாதர்" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார். கடைசியில் மூன்றாவது தறியில் நான் உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு கடற்படைக்கு எழுதிப் போட்டார், எடுத்துக்கொண்டார்கள். பெரிய கப்பல், வெள்ளை உடுப்பு என்று நாங்கள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம். இரண்டு மூன்று வருஷம் கழித்து லீவில் வந்தவர், நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தேர்வாகிவிட்டேன், இனி விசாகப்பட்டினம் என்றார். அம்மாவுக்குப் புரியவே இல்லை.

"தண்ணி மேல போவாதா?"

"போவும்மா. அப்புறம் உள்ளே போயிடும்."

"உள்ளே போனா ஜன்னல் திறந்துக்கினா இருப்பீங்க?"

"ஜன்னலே கிடையாதும்மா."

"ஜன்னல் இல்லாத வூட்டுக்கு எவனாவது குடி போவானாடா?" என்று கேட்டுவிட்டு அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. சித்தப்பாவுக்கு மட்டும் ஒரே சிரிப்பு. "தறிக்குழி வேணாம்னு ஓடுன பையன், கடல்லயே குழி தேடிப் போய் உட்கார்ந்துட்டான் பாரு" என்றார். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். அந்த நாட்களில் அவருக்கு நன்றாகச் சிரிக்க வரும்.

வேலையைப் பற்றி வீட்டில் வாயே திறக்க மாட்டார். அது அவர்கள் சட்டம். எங்கே போனீங்க என்றால் "தண்ணிக்கு" என்பார். எப்போ வருவீங்க என்றால் "தண்ணியை விட்டா" என்பார். சாப்பாட்டையும் கூட இருந்தவர்களையும் பற்றித்தான் பேசுவார். எதைத் தின்றாலும் டீசல் வாசனை அடிக்குமாம். குளியலுக்குத் தண்ணீர் கிடையாதாம். தமிழ்க்காரர்கள் ஆறேழு பேர் இருந்தார்கள், ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ஊர் பெயர்தான். அண்ணன் அங்கே 'காஞ்சிபுரம்'. அடுத்த படுக்கைக்காரர் 'வாலாஜாபாத்'.

இந்த வாலாஜாபாத்காரரை நான் பார்த்திருக்கிறேன். லீவுக்கு இரண்டு பேரும் ஒரே ரயிலில் வருவார்கள். எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் அவர் வாலாஜாபாத் பஸ் ஏறுவார். சமணக் குடும்பம், நெல் விவசாயம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். கடலுக்கடியில் ஏது பொழுது? "காஞ்சிபுரம், வெளியே இருட்டிடுச்சாபா?" என்று அண்ணனைக் கேட்பாராம். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்து "இன்னும் அரை மணி இருக்குது, சாப்டு சாப்டு" என்பாராம். பொய் என்றால் அவருக்கு ஆகாது. சீட்டாட்டத்தில்கூட கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவார், அதனால் அவரைச் சேர்த்துக்கொள்ளவே மாட்டோம் என்று அண்ணன் கேலி செய்வார். அவரும் சிரிப்பார். என்னைத் "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். ஒரு தரம் என் தறிப் பக்கத்தில் நின்று நாடாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாடா என்பது, சேலையின் குறுக்கு நூலை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் கொண்டுபோகிற மரக்கட்டை. உள்ளங்கை நீளம், படகு வடிவம், இரண்டு முனையிலும் இரும்பு மூக்கு. தெருவில் ஆளாளுக்கு நாடா மாறிவிடும் என்பதால் அவரவர் ஓர் அடையாளம் போட்டுக்கொள்வோம். என்னுடையதில் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் வைத்த மூன்று புள்ளி இருக்கும்.

ஒரு வருஷம் அண்ணனின் லீவு ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்னால் முடிந்தது. ஆயுத பூஜைக்கு எங்கள் தெருவில் எல்லாத் தறியும் நின்றுவிடும். நாடாக்களைத் துடைத்து, விபூதி பூசி, பொட்டு வைத்துப் படைப்போம். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை எங்கே இருந்தாலும் அன்றைக்கு ஒரு நாடாவையாவது தொட்டுக் கும்பிட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அதனால் அண்ணனிடம்கூடச் சொல்லாமல், கரை நெய்கிற என் சின்ன நாடாவைப் பழைய பட்டுத் துணியில் சுற்றி அவர் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பூஜை நாளுக்கு இவர் கும்பிட ஒன்று வேண்டாமா என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். முனையில் இரும்பு வைத்த சாமானை அந்தக் கப்பலுக்குள் அனுப்பலாமா கூடாதா என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அடுத்த லீவில் அண்ணன் தனியாக வந்தார். வாலாஜாபாத் அண்ணன் எங்கே என்று கேட்டேன். "வேற எடத்துக்கு மாத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நாடா எங்கே என்று கேட்டதற்கு "இருக்குது, இருக்குது" என்றார். அதன் பிறகு அவர் காலில் இருந்த சக்கரம் இரண்டு மடங்காகிவிட்டது. கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தான், பணி முடித்து ஊரோடு வந்தார், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புக்குச் சேர்ந்தார். எதுவும் அவரை ஓரிடத்தில் உட்கார வைக்கவில்லை. மத்தியானம் தெருவில் தறிச்சத்தம் நிற்கும் அந்த ஒரு மணி நேரம் அவர் வீட்டுக்குள் இருக்கவே மாட்டார். சட்டென்று அமைதியானால் போதும், எழுந்துவிடுவார். "என் கூட உக்காந்து ஒரு நாளாவது நிம்மதியா சாப்ட்டிருக்காரா, கேளு" என்று அண்ணி என்னிடம் அழுதிருக்கிறார்.

ஆனால் அடுத்தவருக்கு ஒன்று என்றால் அந்தக் கால்கள்தான் முதலில் ஓடும். தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் அண்ணன்தான் கூடப் போவார். கப்பலில் கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலமாக ஆரம்பித்தபோது, எந்த ஊராக இருந்தாலும் கருமாதிக்குப் போய் நின்றார். ஒரு தரம் திருத்தணிப் பக்கம் ஒரு வீட்டுக்கு நானும் போனேன். மற்றவர்கள் போல நாலு வார்த்தை துக்கம் விசாரித்துவிட்டு வந்தாரா என்றால் இல்லை. இறந்தவரின் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தரையில் உட்கார வைத்து, "உங்கப்பா அங்க என்ன வேலை பார்த்தாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அவர்களுக்குத் தெரியாது. அந்த அப்பாக்களும் வீட்டில் வாய் திறக்காதவர்கள்தானே. பீரோ அளவு சமையலறையில் எழுபது பேருக்குச் சப்பாத்தி போட்டவர், கப்பல் ஆடி எண்ணெய் கையில் கொட்டியபோதும் சத்தம் போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த சப்பாத்தியைத் திருப்பியவர் என்று அண்ணன் சொல்லச் சொல்ல, அந்தப் பெரிய மகன் குலுங்கிக் குலுங்கி அழுதான். இன்னொரு வீட்டில், குழாய்மேல் காதை வைத்தே எந்த பம்பு கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார் உங்கள் அப்பா என்று சொன்னாராம். இப்படி ஐந்து வீடு. அந்த ஐந்து வீட்டுக்கும் இந்த மலர் போகிறது.

அண்ணன் போய்ப் பேசாத வீடு ஒன்றே ஒன்றுதான், அதுவும் இங்கிருந்து அரை மணி நேரப் பஸ் தூரத்தில். வாலாஜாபாத்காரர் நாலு வருஷம் முன்னால் காலமானார் என்று செய்தி வந்தது. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலையில் கிளம்பினார், சாயங்காலம் வந்தார். "அவங்க புள்ளைங்க கிட்ட என்ன சொன்னேண்ணா?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல" என்றார். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய் ராஜ வீதிகளைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

ஆயுத பூஜை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்காக நான் அவரைத் திட்டாத திட்டு இல்லை. ஊருக்கு வந்த முதல் வருஷத்திலிருந்தே அன்றைக்கு மட்டும் பூஜையில் நிற்க மாட்டார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடுவார்.

"சாமி இல்லன்னு சொல்ற கட்சியில சேர்ந்துட்டியாண்ணா நீ?"

"அதெல்லாம் இல்லம்மா."

"அப்போ எங்க கெளம்பிட்டே?"

"சும்மா, வாலாஜாபாத் வரைக்கும்."

"அங்க என்ன கொட்டிக் கெடக்குது?"

"அரிசி மில்லு இருக்குது."

இத்தனை வருஷத்தில் ஒரு படி அரிசி வாங்கி வந்ததில்லை.

போன வருஷம் ஆவணியில் நுரையீரல் கோளாறு முற்றிப் படுத்தார். எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே இவர் தாங்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மத்தியானம் நான் கட்டில் பக்கத்தில் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். வார்டில் மற்றவர்கள் தூங்கிவிட, சட்டென்று சத்தம் அடங்கியது. அண்ணன் கால்களை உதறினார், எழப் பார்த்தார், முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு புள்ளி வெச்ச நாடா ஒண்ணு குடுத்தியே, ஞாபகம் இருக்குதா?"

அப்புறம்தான் சொன்னார். அந்த ஆயுத பூஜையன்று கப்பல் ஒரு பயிற்சியில் இருந்தது. மேலே மற்ற கப்பல்கள் இவர்களைத் தேடும், இவர்கள் கண்டுபிடிக்கப்படாமல் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கப்பல் முழுக்கச் சத்தமே வரக் கூடாது. செருப்பு கிடையாது, பேச்சு கிடையாது, கரண்டிகூட ஒன்றோடொன்று மோதக் கூடாது. எந்தச் சாமானும் கட்டாமல் கிடக்கக் கூடாது. இந்தப் பயிற்சி தொடங்குவதற்குச் சற்று முன் அண்ணன் நாடாவை எடுத்து, விபூதி பூசி, தன் படுக்கைக்கு மேல் இருந்த விளிம்பில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றே எடுக்கக் கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம் இல்லையா? அந்த நினைப்பில் திரும்பப் பெட்டியில் வைக்காமல் விட்டுவிட்டார். கப்பலில் வேறு யாரும் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதான் செய்வான்.

கப்பல் சாய்ந்து திரும்பியபோது நாடா உருண்டு இரும்புத் தளத்தில் விழுந்தது. அந்த அமைதியில் அது விழுந்த சத்தம் தனக்கு இன்னமும் கேட்கிறது என்றார் அண்ணன். மேலே தேடிக்கொண்டிருந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். பயிற்சி தோற்றது. அதிகாரி வந்து நாடாவைக் கையில் எடுத்து, "இது யாருடையது?" என்று கேட்டார். அங்கே நின்றது இரண்டே பேர், அண்ணனும் வாலாஜாபாத்காரரும்.

"நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவன் 'என்னுது'ன்னுட்டாம்மா. பொய்யே சொல்லாதவன். 'ஏன்டா சொன்னே'ன்னு அப்புறம் சண்டை போட்டேன். 'உன் வாய்க்கு முன்னாடி என் வாய் வந்துடுச்சுபா'ன்னான். நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்னேன். 'இப்போ நீ சொன்னா தப்பு பண்ணதுக்கு நீ, பொய் சொன்னதுக்கு நான், ரெண்டு பேரும் போவணும். ஒருத்தன் போனா போதும்'னான்."

அவரைக் கப்பலிலிருந்து இறக்கிக் கரையில் கிடங்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள். அவர் ஆசைப்பட்டு வாங்கி நெஞ்சில் குத்தியிருந்த, நீர்மூழ்கிக்காரர்களுக்கே உரிய டால்பின் சின்னமும் போயிற்று. கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து அரிசி மில்லில் மெக்கானிக்காகச் சேர்ந்தார்.

"அன்னைக்கு அவன் தடுத்தான், சரி. அதுக்கப்புறம் இத்தனை வருஷமா என்னை யாரும்மா தடுத்தது? வருஷா வருஷம் போவேன். மில்லுக்கு எதிர்ல டீக்கடையில நிப்பேன். ரோட்டைத் தாண்ட மாட்டேன். அவன் காரியத்துக்கும் அந்த டீக்கடையைத் தாண்டல. தண்ணிக்கடியில இருந்த தைரியம் தரையில எனக்கு இல்லம்மா. நீ போய்ச் சொல்லு."

நாலாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

நான் உடனே போனேன் என்று நினைக்கிறீர்களா? பத்து மாதம் தள்ளிப்போட்டேன். அண்ணனை வாய்க்கு வந்தபடி பேசினேனே, நானும் அதே ரத்தம்தானே. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு வரை போய், வாலாஜாபாத் பஸ் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, பூ வாங்க வந்தவள் போல இரண்டு முழம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். நாடா என்னுடையது அல்லவா? நான் வைக்காமல் இருந்திருந்தால் அது விழுந்திருக்குமா? தறியில் உட்கார்ந்தால் கை நாடாவைத் தொடக் கூசியது. இரண்டு சேலையில் கரை கோணிவிட்டது. நாற்பது வருஷத்தில் எனக்கு அப்படி ஆனதில்லை.

மலர் அச்சுக்குப் போகவேண்டிய நாள் நெருங்கியதும் இனித் தாங்காது என்று அண்ணன் மகனிடம் சொன்னேன். அப்போதுதான் அந்தச் சண்டை. இரண்டு வாரம் கழித்து அவனே வந்து, "தனியா போவாதீங்க, நானும் வரேன். ஆனா எழுதறதுக்கு நான் இன்னும் ஒத்துக்கல" என்றான். பஸ்ஸில் நான் இரண்டு தரம் இறங்க எழுந்தேன். "உக்காருங்க அத்தை, பாதி வழி கூட வரல" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

வாலாஜாபாத்காரரின் மகள் பள்ளிக்கூட ஆசிரியை. அப்பாவின் படம் மாட்டிய கூடத்தில் எங்களை உட்கார வைத்தார். வந்த காரணத்தை நான் நின்றுகொண்டேதான் சொன்னேன், உட்கார முடியவில்லை. எதையும் விடாமல் சொன்னேன். அந்தப் பெண் அழவில்லை, கோபப்படவுமில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். பிரித்தேன். மூன்று புள்ளி.

"இது என்ன சாமான்னே எங்களுக்குத் தெரியாதும்மா. மில்லுச் சாமான்னு நெனச்சோம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மில்லுல ஸ்பானர், சுத்தியல் எல்லாத்துக்கும் பொட்டு வெக்கறப்போ அப்பா வூட்லேர்ந்து இதை எடுத்துக்கினு போய், எல்லாத்துக்கும் முன்னாடி வெச்சு விபூதி பூசுவாரு. நாம விபூதி பூசற வழக்கம் இல்லியேப்பான்னா, 'இதுக்கு உண்டு'ன்னுவாரு."

அண்ணன் கும்பிடுவதை நிறுத்திவிட்ட என் நாடாவுக்கு, அண்ணன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த அதே நேரத்தில், இந்தப் பக்கம் பூஜை நடந்திருக்கிறது. நான் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"அவர் எதிர்ல வந்து நின்னது உங்கப்பாவுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும். 'வந்துட்டான் காஞ்சிபுரம்'னு சொல்லிக்கினே பார்ப்பாரு. கூப்பிடட்டுமாப்பான்னு நான் எத்தனை வாட்டி கேட்டிருப்பேன். 'வேணாம், அவனா வரணும். வந்தா ஒண்ணும் கேக்காதே, காபி போடு'ன்னுவாரு. அப்புறம் ஒண்ணு சொல்லுவாரு. 'வாழ்க்கையில ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கேன், அதுக்காக வருத்தப்படல'ன்னு. என்ன பொய்னா சிரிப்பாரு. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அடப் பாவிங்களா! ஒருவர் டீக்கடையில் நிற்கிறார், இன்னொருவர் மில் வாசலில் நின்று பார்க்கிறார், நடுவில் ஒரு ரோடு. இரண்டு பேரும் உயிரோடு இருந்திருந்தால் ஆளுக்கொரு அறை விட்டிருப்பேன். கோபம் கோபமாக வந்தது, அதோடு அழுகையும் வந்தது. அண்ணன் மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்புறம்தான் அந்தப் பெண் தம்பியைப் பற்றிச் சொன்னார். அவன் சென்னையில் வேலை பார்க்கிறானாம். ஏதோ சாமானைத் தவறவிட்டதற்காக உங்கப்பாவைக் கடலிலிருந்து துரத்திவிட்டார்களாமே என்று சொந்தக்காரர்கள் பேசுவதைக் கேட்டே வளர்ந்தவன். ஒரு நாள் கோபத்தில் அப்பாவிடமே, "ஒரு சாமானைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாதா உனக்கு?" என்று கேட்டுவிட்டானாம். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு மில்லுக்குக் கிளம்பிவிட்டாராம். அதோடு அவன் அப்பாவின் கப்பல் பேச்சையே எடுப்பதில்லையாம். "நான் வாயால சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனப்பான்மா. எழுத்துல போடுங்க. உங்க குடும்பமே எழுதுனதா அவன் படிக்கணும்" என்றார்.

நான் அண்ணன் மகனைப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னவன் அவன்தானே. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, உங்கப்பா போட்டோ ஒண்ணு குடுங்க. உள் அட்டையில எங்கப்பாவுக்குப் பக்கத்துல போடறேன். பேரையும் போடறேன்" என்றான். அந்தப் பெண் தேடி எடுத்துக் கொடுத்த, இரண்டு பேரும் வெள்ளை உடுப்பில் சேர்ந்து நிற்கிற படத்தைத்தான் நீங்கள் அட்டையைத் திருப்பியதும் பார்த்தீர்கள். வலது பக்கம் நிற்பவர் யார் என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

நாடாவை எடுத்துக்கொண்டு போங்கள் என்று அந்தப் பெண் வற்புறுத்தினார். நான் வாங்கவில்லை. இத்தனை வருஷம் பொட்டு வைத்த வீட்டிலேயே இருக்கட்டும். வருகிற ஆயுத பூஜைக்கு எங்கள் தறிகளுக்குப் படைத்துவிட்டு, அண்ணியும் அண்ணன் மகனும் நானும் வாலாஜாபாத் போகிறோம். டீக்கடையில் நிற்க மாட்டோம்.

அண்ணனின் கடைசி நாட்களில் மாறி மாறி ஆஸ்பத்திரியில் கூட இருந்த தெருவாருக்கும், முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இறுதி ஊர்வலத்தன்று தறிகளை நிறுத்திவிட்டு வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், இடுகாட்டில் வந்து விறைப்பாக நின்று வணங்கிய முன்னாள் கடற்படை வீரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடன்பட்டிருக்கிறது. வாலாஜாபாத் அண்ணனுக்கு நன்றி என்று மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் எங்களை மன்னிக்க வேண்டும்.

அவருடைய மகனுக்கு ஒரு வார்த்தை. தம்பி, உங்கள் அப்பா எந்தச் சாமானையும் தவறவிடவில்லை. அன்றைக்கு அந்தக் கப்பலில் இது யாருடையது என்று கேட்டார்கள். எங்கள் அண்ணன் சொல்லாமல் விட்ட பதிலை, அவர் சொல்லச் சொன்னபடி, அவருடைய தங்கை இந்த எழுத்தில் சொல்கிறேன். அந்த நாடா எங்களுடையது.